முன்னிருசு தாழ்ந்த வரலாறு

பழைய மோட்டார் வண்டியின் முன்னிருசைத் தாழ்த்துவது பொழுதுபோகாத வாலிபரின் வீண் விளையாட்டென்று பலர் கருதுகின்றனர். இருசாவது, இரு சக்கரங்களுக்கும் இடையே நின்று வண்டியின் பாரத்தைத் தாங்கும் குறுக்கிரும்பு. பட்டறைக்காரர் அதனை ஆக்ஸில் என்பர். அவ்விரும்பைக் காய்ச்சி வளைத்த கதை அமெரிக்காவில் நடந்ததேயாயினும், மலாக்காவைச் சேர்ந்த செலண்டாரிலிருந்து நோக்கும் நமக்கு அது முற்றிலும் அந்நியர் கதையாகத் தோன்றவில்லை. அதில் சாலையின் வரலாறு உண்டு. இரப்பரின் வரலாறு உண்டு. அனைத்திற்கும் மேலாகக் கைத்தொழிலாளியின் மதிப்பைப் பற்றிய நியாயமும் உண்டு.

இருசு முதலில் ஏன் உயர்ந்திருந்தது என்பதைக் காண்போம். 1908இல் ஹென்றி போர்டு தம்முடைய டி மாடல் வண்டியை வெளியிட்டபோது, அமெரிக்க நாட்டுப்புறத்துச் சாலைகள் பெரும்பாலும் சேறும் பள்ளமுமாகவே கிடந்தன. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் உழுதுவிட்ட தடத்தில் தாழ்ந்த வண்டி ஓடாது. ஆகவே வனேடியம் கலந்த உருக்கினால் அடித்துச் செய்த நேரான இருசும், அதன்மேல் குறுக்கே அமைந்த வில்பட்டையும், உயரமான சக்கரங்களும் வைத்து அவ்வண்டியை நிலத்தினின்று தூக்கி நிறுத்தினர். 1927இல் அதன் உற்பத்தி நிற்பதற்குள் 1 கோடியே 50 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

அத்தனை வண்டிகளுக்கும் டயர் வேண்டுமே! அங்கேதான் நமது மலாக்கா வரலாற்றுக்குள் வருகின்றது. 1896இல் சீனப் பெருவணிகரான டான் சே யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிபப் பயிராக நட்டார். மலாயாவில் அவ்வாறு நட்டவருள் அவரே முதல்வராகப் போற்றப்படுகின்றார். பின்னர் அவர் செலண்டாருக்கு அண்மையிலுள்ள ஆசஹானிலும் பெருந்தோட்டம் அமைத்தார். மோட்டார் வண்டி பெருகப் பெருக இரப்பரின் விலையும் ஏறி, 1910இல் இராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. காடழித்தவரும், சடக்கு வெட்டியவரும், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவரும் தமிழ்நாட்டினின்று ஒப்பந்தத்தின் பேரிலும் கங்காணிமார் மூலமாகவும் வந்த நம் மக்களாவர். தோட்டத் துரையின் பெயரும் கம்பெனியின் பெயரும் நூல்களில் ஏறின. நம்மவர் பெயர்களோ கிராணிகள் எழுதிய செக்ரோலோடு நின்றுவிட்டன.

நிற்க. அமெரிக்காவில் சாலைகள் மெல்ல மெல்லச் செப்பனிடப்பட்டன. சாலை சமமானதும் இருசின் உயரத்துக்கு இருந்த தேவை குறைந்தது. எனினும் 1948ஆம் ஆண்டு வண்டிகள் வரை போர்டு கம்பெனி அந்த ஒற்றை இருசையும் குறுக்கு வில்பட்டையையும் விடவில்லை. 1932இல் 65 குதிரைத் திறனுள்ள எட்டு சிலிண்டர் எந்திரம் வந்தபோதுங்கூட முன்பகுதியின் அடிப்படை அமைப்பு பழையதாகவே இருந்தது. அந்தப் பழமையைத் திருத்த முன்வந்தவர் யார்? கலிபோர்னியாவின் வாலிபர். பழைய போர்டு வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, வேண்டாத பாரத்தைக் கழற்றியெறிந்து, மியூராக் என்னும் உலர்ந்த ஏரிப்படுகையில் அவர்கள் வேகத்தைச் சோதித்தனர். அவர்களுடைய கழகங்கள் 1937இல் ஒன்றுகூடித் தென்கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. அவர்கள் திருத்திய வண்டிகளுக்கு ஹாட் ராட் என்னும் பெயர் 1940களில் பரவிற்று.

வேகத்துக்குக் காற்றே முதற்பகை. உயரமான வண்டி காற்றோடு மோதும், வளைவில் சாயும். ஆதலின் முன்பகுதியைத் தாழ்த்த முற்பட்டனர். சக்கரத்தைச் சிறிதாக்கலாம்; வில்பட்டையில் சில தகடுகளை நீக்கலாம். ஆனால் தகடு குறைந்தால் தாங்குந் திறனும் குறையும். அவர்கள் கண்ட சிறந்த வழி இருசின் இரு முனைகளையும் சூளையில் செந்நிறமாகக் காய்ச்சி, மேல்நோக்கி வளைத்து நீட்டுவதாகும். முனையிலுள்ள சக்கரம் தன் உயரத்திலேயே நிற்க, நடுப்பகுதி 2 முதல் 4 அங்குலம் வரை இறங்கும். அதன்மேல் அமர்ந்த வில்பட்டையும் சட்டமும் உடன் இறங்கும். இவ்வேலையில் சான்டியேகோ நகரத்து எட் ஸ்டூவர்ட் என்பார் பெயர் பெற்றார். அத்தொழிலே அவருடைய பட்டப்பெயராயிற்று.

ஆயினும் ஒன்றைத் தாழ்த்தினால் அதனோடு இணைந்த யாவற்றையும் திருத்தியாக வேண்டும். இருசு இறங்கினால், இரு சக்கரங்களையும் ஒருங்கே திருப்பும் டை ராட் சட்டத்திலோ தாங்குகம்பியிலோ உராயக்கூடும். அதற்காக ஸ்டியரிங் கைகளையும் வளைத்தமைக்க வேண்டும். சக்கரம் திரும்புதற்கு ஆதாரமான கிங் பின்னின் தலை சில பாகை பின்னோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். அச்சாய்வு கெட்டால் சக்கரம் தானே நேராகாது, வண்டி சாலையில் அலையும். நீட்டிய இரும்பு மெலியும். மெலிந்த இடத்தில் கீறல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இவற்றையெல்லாம் அவர்கள் சர்வகலாசாலையில் கற்கவில்லை. பெரும்பாலோர் கொட்டகைகளில் பிரித்தும் பூட்டியும், தவறியும் திருந்தியுமே கற்றனர். 1948இல் இக்கலைக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தோன்றிற்று. 1949ஆம் ஆண்டு வண்டியில் போர்டு கம்பெனியே பழைய இருசைக் கைவிட்டுத் தாழ்ந்த அமைப்புக்கு வந்தது. பெருமுதலாளி பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தயங்கிய மாறுதலை எண்ணெய்க் கறை படிந்த கைகள் தம்மளவில் முன்னரே நிறைவேற்றியிருந்தன.

தமிழருள் இத்தகையார் இல்லையோ எனின், உண்டு. 1893இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். உணவுவிடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே எந்திர நுட்பம் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பின்னர்ப் பெருந்தொழிலதிபராக விளங்கினார். அவர் வளைத்தது இருசன்றாயினும், கையாலறிந்த அறிவே அவருக்கும் ஆசான்.

நம்மவரிடையே இன்றும் ஒரு குறை உண்டு. எழுத்துவேலை செய்பவன் உயர்ந்தோன், சுத்தியல் பிடிப்பவன் தாழ்ந்தோன் என்னும் எண்ணமே அது. பட்டறைக்குப் போன மகனைப் பற்றிப் பேசக் கூசும் பெற்றோரை நாம் காண்கின்றோம். கொல்லனைத் தாழ்த்திய பழைய சாதிக் கட்டின் எச்சமன்றி இது வேறென்ன? டயருக்குப் பாலும் ஓடுதற்குச் சடக்கும் தந்த சமூகம், வண்டியின் நுட்பத்தை மட்டும் பிறருக்குரியதென விட்டுவிடுவது எவ்வகையில் பொருந்தும்?

ஆகவே இரும்பில் விருப்பங்கொண்ட பிள்ளையை ஏளனஞ் செய்யாது, தொழிற்பள்ளிக்கு அனுப்புவோமாக. கணக்கும் வரைபடமும் அவனுக்குச் சுத்தியலோடு சேர்ந்து கிட்டட்டும். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறவும் அவன் கற்கட்டும். அவ்வாறு பயின்றவன் செய்யும் வேலை அவனுக்குச் சோறு தரும். அவன் கைபட்ட வண்டியில் ஏறுவோரின் உயிரையும் காக்கும்.