உடைக்கப்பட்ட தராசும் ஒரு மாணவனின் பரிசோதனையும்



சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மாணவன் தன் அத்தாவுடன் என்னைக் காண வந்தான். சிறு வயதில் எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றவன். இப்போது ஐபி பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அப்பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியைத் தாமே தேர்ந்து ஆராய்ந்து, 4,000 சொற்களுக்கு மிகாத ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். இவன் இயற்பியலில் மெக்கானிக்ஸ் எனப்படும் விசையியலை எடுத்திருந்தான்.

"ஊசலின் நீளத்தை மாற்றிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடப் போகிறேன், ஹஜ்ரத். விடை 9.8 என்று முன்பே தெரியும். அளவுகள் கொஞ்சம் விலகினால் சரிசெய்து எழுதிக்கொள்ளலாம்" என்றான்.

அதைத் தவறென்று உணர்ந்து அவன் சொல்லவில்லை. அதுவே என் நெஞ்சை உறுத்தியது. நான் இயற்பியல் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் நம் முன்னோரின் வரலாற்றைப் பாடமாகப் படித்தவன். ஆகவே அவனுக்கு அறிவுரை கூறாமல், மூன்று அறிஞர்களின் வரலாற்றைக் கூறினேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

முதலாமவர் அபூ ரைஹான் அல்பீரூனீ. 973ஆம் ஆண்டு குவாரஸ்மில் பிறந்தவர். உலோகங்களையும் மணிக்கற்களையும் நீரில் இட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீரை வெளியேற்றுகிறது என்று அளக்க, பக்கவாட்டில் குழாய் பொருத்திய கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றை அமைத்தார். பொருளின் எடையையும் அது வெளியேற்றிய நீரின் எடையையும் ஒப்பிட்டால், அதே கன அளவு நீரைப் போல அது எத்தனை மடங்கு கனமானது என்பது தெரிந்துவிடும். இந்த அடிப்படை, கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸின் காலம் தொட்டே அறியப்பட்டதாகும். அதைப் பொருள்தோறும் பொறுமையாக அளந்து அட்டவணையாக்கியதே அல்பீரூனீயின் பணி. அவர் கண்ட மதிப்புகளில் பல இன்றைய மதிப்புகளுக்கு மிக அருகில் உள்ளன. எல்லா நீரும் ஒன்றல்ல என்பதையும் அவர் கருத்தில் கொண்டார். எந்த ஊர் நீர், எந்தப் பருவம் என்பவற்றையும் பரிசோதனையின் பகுதியாகவே எண்ணினார்.

இரண்டாமவர் அபூ ஹாத்திம் அல்அஸ்ஃபிஸாரீ. கவிஞரும் கணித மேதையுமான உமர் கய்யாமின் காலத்தவர். தங்கத்தில் கலப்படம் உண்டா என்று காட்டிக்கொடுக்கும் நுட்பமான தராசு ஒன்றை உருவாக்கப் பல்லாண்டுகள் உழைத்தார். அத்தராசு சுல்தானின் கருவூலத்தைச் சென்றடைந்தது. கருவூலக் காப்பாளரோ, தாம் செய்த மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சி அதை உடைத்தெறிந்தார். அச்செய்தி கேட்ட அஸ்ஃபிஸாரீ துயரத்தால் நோயுற்று இறந்தார் என்று வரலாற்றாசிரியர் ஸஹீருத்தீன் அல்பைஹகீ பதிவு செய்துள்ளார்.

மூன்றாமவர் அப்துர் ரஹ்மான் அல்காஸினீ. இன்றைய துருக்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரில் அடிமையாக வளர்ந்து கல்வி பெற்று உயர்ந்தவர். உடைந்த தராசின் மரபை அவர் மீட்டெடுத்தார். ஹிஜ்ரி 515இல், அதாவது 1121ஆம் ஆண்டளவில், சுல்தான் சஞ்சருக்காக 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை எழுதினார். ஞானத்தின் தராசு என்பது அதன் பொருள். ஏறத்தாழ 2 மீட்டர் நீளக் கோலும் ஐந்து தட்டுகளும் கொண்ட தராசை அதில் விளக்கினார். தமக்கு முன் உழைத்த கிரேக்கரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சுல்தான் அனுப்பிய 1,000 தீனாரை, ஆண்டுக்கு 3 தீனாரே தமக்குப் போதும் என்று கூறித் திருப்பி அனுப்பினார் என்பதும் பைஹகீ தரும் செய்தி.

இவ்விடத்தில் நிறுத்தி, "கருவூலக் காப்பாளர் தராசை ஏன் உடைத்தார்?" என்று மாணவனைக் கேட்டேன். "அது உண்மையைச் சொல்லிவிடும் என்று பயந்தார்" என்றான். "விலகிய அளவைத் திருத்தி எழுதுபவன் எதை உடைக்கிறான்?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அவன் அத்தா தலை குனிந்து புன்னகைத்தார்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானம் உயர்த்தப்பட்டதையும் தராசு நிறுவப்பட்டதையும் இறைவன் அடுத்தடுத்துக் கூறுகிறான். அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே உண்டு. அக்கண்டனம் கடைத்தெருவுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது நம் குறை. ஆய்வேட்டின் அட்டவணையும் ஒரு தராசுத் தட்டுதான்.

அப்படியானால் எந்தத் தலைப்பைத் தேர்வது? இதற்கும் வரலாறே வழி காட்டுகிறது. அஸ்ஃபிஸாரீயின் கேள்வி தங்கக் கடைத்தெருவில் பிறந்தது. நம் கொங்கு நாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மழை குறைந்த இந்த மண்ணில், ஆழக் கிணறுகளிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்தே மக்கள் பயிர் செய்தனர். எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு நீர் என்பது உழவரின் அன்றாடக் கேள்வி. சென்னைப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியராயிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், நீர் இறைக்கும் முறைகளை அளந்து ஆராய்ந்து அதற்கென ஒரு நூலே எழுதினார். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து மின் மோட்டாரை இங்கேயே உருவாக்கினர். மோட்டாருக்கும் பம்புக்கும் இன்று இவ்வூர் பெற்றிருக்கும் பெயர் கிணற்றடிக் கேள்வியிலிருந்து வளர்ந்தது.

அம்மாணவனின் அத்தா பழைய பித்தளை வாங்கி விற்பவர். அவர்கள் வீட்டுக்குக் குழாயில் வருவது சிறுவாணி நீர். கடையில் இருப்பது உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீர். எனவே அல்பீரூனீயின் கேள்வியையே அவனுக்கு உரியதாக்கினோம்: பித்தளையின் அடர்த்தியை நீரில் இட்டு அளக்கும்போது, நீரின் உப்பும் வெப்பமும் விடையை எவ்வளவு மாற்றுகின்றன?

அவனே கணக்கிட்டுக் காட்டினான். 500 கிராம் பித்தளை நீரில் மூழ்கும்போது ஏறத்தாழ 59 கிராம் எடை குறைந்ததாகக் காட்டும். 20 பாகை செல்சியஸில் ஒரு மில்லிலிட்டர் தூய நீரின் எடை 0.998 கிராம், 30 பாகையில் 0.996 கிராம். ஆகவே வெப்பத்தால் மட்டும் சுமார் 0.15 கிராம் வேறுபாடு வரும். நகைக்கடைகளில் உள்ள, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் அது நன்றாகத் தெரியும். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீர் தரும் மாற்றமோ அதைவிடச் சிறியது. வெப்பநிலையைக் குறிக்காமல் காலையில் ஒரு நீரையும் நண்பகலில் மற்றொன்றையும் அளந்தால், வெப்பத்தின் வேலையை உப்பின் மீது ஏற்றிவிடுவான். பித்தளையில் ஒட்டும் காற்றுக்குமிழிகளும் கணக்கைக் கெடுக்கும். எனவே ஒன்றை மாற்றும்போது மற்றவை மாறாதிருக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் பலமுறை எடுத்து, வந்ததை வந்தபடியே எழுத வேண்டும்.

தலைப்பைத் தேடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. விடை முன்பே தெரிந்த கேள்வியை எடுத்தால், அளவைத் திருத்தும் ஆசை தானாக வரும். விடை தெரியாத, வீட்டிலோ கடையிலோ உள்ள பொருள்களைக் கொண்டே அளக்கக்கூடிய, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கக்கூடிய சிறு கேள்வியைத் தேடுங்கள். மதிப்பெண் எவ்வளவு வரும் என்று முதலில் கேட்காதீர்கள். "நீ எழுதிய எண்கள் நீ கண்டவைதானா?" என்று கேளுங்கள்.

புறப்படும்போது அம்மாணவன், "உப்பால் எந்த வேறுபாடும் தெரியாமல் போனால் என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றான். "தெரியவில்லை என்றே எழுது" என்றேன்.

அளப்பதில் நேர்மையை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக. ஆமீன்.