பெற்றோருக்கு ஒரு தவணை

பொருள் தேடிக் கடல் கடந்த மைந்தர் ஊர் திரும்புவதும், அவர் வரவைப் பெற்றோர் எதிர்நோக்கியிருப்பதும் தமிழருக்குப் பழைய வழக்கம். 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழரிடையே அவ்வழக்கம் தலைகீழாயிற்று. பிள்ளைகள் பலர் கனடாவிலேயே குடியேறிவிட்டனர். பெற்றோர் கடல் கடக்க வேண்டியவராயினர்.

பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளக் கனடா இடமளித்திருந்தது. ஆயினும் 2011இல், உலகின் பல நாடுகளையும் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வரிசையில் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டு நவம்பரில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. டிசம்பரில் ‘சூப்பர் விசா’ என்னும் தற்காலிக அனுமதி பிறந்தது. ஒரு வருகைக்கு இரண்டாண்டு என்றிருந்த தவணை, 2022 ஜூலையில் ஐந்தாண்டாயிற்று.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியான லிங்கநகரில் வாழும் தாய் ஒருத்தி, டொராண்டோவிலுள்ள மகளிடம் இவ்வழியே செல்ல விரும்பினால், மகள் போதிய வருமானம் காட்டவேண்டும். குறைந்தது 1,00,000 டாலருக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அங்கே தாய்க்கு வேலை செய்யும் உரிமையில்லை. வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணமும் ஏறும். மகளின் துணை மிகுதியாக வேண்டப்படும் முதுமையிலேதான் அவளருகே இருப்பதற்கான விலையும் மிகுகின்றது. பேரனுக்குப் பாட்டியானவள், சட்டத்துக்கு விருந்தாளியே.