பழைய வரி நகரக்கூடாது

1989இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த டெக் பயனர் மாநாட்டில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலிருந்து வந்த இளைஞர் ஃபிராங்க் மிட்டல்பாக் லாடெக்கின் குறைகளைப் பேசும் கட்டுரை ஒன்றை வாசித்தார். லாடெக்கை எழுதிய லெஸ்லி லாம்போர்ட் அந்த ஆண்டே பராமரிப்பை மிட்டல்பாக்கிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் ஒப்படைத்தார்.

டொனால்ட் நூத்தின் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கின்மேல் 1980களின் தொடக்கத்தில் லாம்போர்ட் கட்டிய மேக்ரோ (குறுங்கட்டளை) தொகுப்புதான் லாடெக். தன் புத்தகத்துக்காகத் தொடங்கியதைக் கணித உலகமே எடுத்துக்கொண்டது. விளைவு, ஆளுக்கொரு வடிவம்; ஓரிடத்தில் ஓடிய கோப்பு இன்னோரிடத்தில் ஓடவில்லை. 1994இல் வெளியான லாடெக் 2இ அவற்றை ஒன்றாக்கியது. முதல் வரியில் பழைய ‘டாக்குமென்ட்ஸ்டைல்’ கட்டளை இருந்தால், அது தானாகவே பழைய நடைக்கு மாறிக்கொள்ளும்.

உண்மையான தலைவலி பிறகுதான் தொடங்கியது. மேக்ரோவில் ஒரு வரி முடிந்தால், டெக் அதை இடைவெளியாக எடுத்துக்கொள்ளும்; அதைத் தடுக்க வரிக்கடைசியில் சதவீதக் குறி போடவேண்டும். லாடெக்கின் மேக்ரோவிலேயே ஒரு குறி விட்டுப்போனால் அச்சில் வேண்டாத இடைவெளி விழும். திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த இடைவெளியோடு பக்கம் பிரித்து முடித்த புத்தகத்தை மறுபடி ஓட்டினால் வரி மாறும், பக்கம் மாறும், பொருளடைவின் எண்ணும் மாறும்.

அதனால் திருத்தங்களை ‘ஃபிக்ஸ்எல்டிஎக்ஸ்2இ’ என்ற தனித் தொகுப்பில் சேர்த்தார்கள்; வேண்டியவர் அழைத்துக்கொள்ளலாம். பழைய நூல்கள் தப்பின. ஆனால் அப்படியொரு தொகுப்பு இருப்பதே தெரியாத புதியவர்களுக்குப் பிழைதான் வாய்த்தது. 2015இல் லாடெக் குழு துணிந்து முறையைத் திருப்பிப் போட்டது. திருத்தங்கள் லாடெக்கின் மையத்துக்குள் வந்தன. பழையபடி வேண்டுமென்றால் ‘லாடெக்ரிலீஸ்’ தொகுப்பில் ஒரு தேதியைக் கொடுத்தால் போதும். இதை இன்னும் முன்பே செய்திருக்கலாம்.

அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தது சோதனைக் கோப்புகளின் குவியல். ஒவ்வொரு கோப்பையும் ஓட்டி, டெக் எழுதும் பதிவேட்டை முன்பு சேமித்த பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். விட்டுப்போன ஒரு சதவீதக் குறி அங்கே ‘3.33333 கூட்டல் 1.66666 கழித்தல் 1.11111’ என்று காட்டிக்கொடுக்கும்: நூத்தின் பத்துப் புள்ளி எழுத்தில் ஒரு சொல்லிடைவெளியின் அளவு அது.

மாற்றங்கள் தொடர்ந்தன. 2018இல், உலக மொழிகளின் எழுத்துகளைக் குறிக்கும் யூடிஎஃப்-8 லாடெக்கின் இயல்பான குறியாக்கமானது. இப்போது, பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியே படிக்கத் தோதாக, பிடிஎஃபுக்குள் தலைப்பையும் பத்தியையும் அடையாளமிடும் வேலை நடக்கிறது. மையத்தின் உட்கட்டளைகளை நம்பி எழுதப்பட்ட பிறர் தொகுப்புகள் இதில் உடையக்கூடும். அவற்றை எழுதியவர்கள் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க, 2019 முதல் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னோட்டப் பதிப்பு வருகிறது.