ஏரியைக் காணோம்!

தண்ணீருக்கு நடுவே தூண்கள் ஊன்றி ஒரு அரண்மனை கட்டுகிறீர்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால், அரண்மனை அப்படியே நிற்கிறது, தண்ணீரைக் காணோம்! அது அரை மைல் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது. கதை இல்லை சார், 1933-ல் நிஜமாகவே நடந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'கிரேட் சால்ட் லேக்' என்று ஒரு பிரமாண்ட உப்பு ஏரி. கடலைவிடப் பல மடங்கு உப்பு. நீச்சலே தெரியாதவரும் கார்க் மாதிரி மிதக்கலாம். இந்த ஏரியில்தான் மார்மன் கிறிஸ்தவ சபையும் ஒரு ரயில் கம்பெனியும் சேர்ந்து, 1893-ல் 'சால்ட்ஏர்' பூங்காவைத் திறந்தார்கள். ஏரிப் படுகையில் ஈராயிரத்துக்கும் மேலான மரத்தூண்கள். மேலே கும்மட்டங்களோடு ஏதோ அரேபிய சுல்தானின் மாளிகை போல ஒரு கட்டடம். வடிவமைத்தவர் ரிச்சர்ட் கிளெட்டிங். பின்னாளில் யூட்டாவின் சட்டமன்றக் கட்டடத்தை வரைந்ததும் இவரே. சால்ட் லேக் சிட்டியில் ரயில் ஏறினால் நேரே ஏரிக்குள் போய் இறங்கலாம். குளியல், ராட்டினம், ரோலர் கோஸ்டர், ராத்திரியானால் நடனம்!

சபை இதில் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் கண்ட இடத்தில் கெட்டுப் போகாமல், நம் கண் பார்வையிலேயே ஆடிப்பாடட்டும் என்ற கவலை. ஆனால் பாருங்கள், காபி, டீ, மது மூன்றுமே சபைக்கு ஆகாத சமாச்சாரம். மூன்றும் அங்கே விற்பனை! ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. முணுமுணுப்பு கிளம்பாமல் இருக்குமா? 1906-ல் சபை அதை விற்றுக் கைகழுவியது.

பிறகு பட்ட காலிலே படும் கதைதான். 1925-ல் தீ. மாளிகை சாம்பல். மறுபடி கட்டினார்கள். 1931-ல் மறுபடி தீ. சரி செய்து நிமிர்ந்தால், 1933-ல் ஏரியே விலகிப் போனது.

ஏரி எப்படி ஓடும் என்கிறீர்களா? இந்த ஏரிக்கு ஆறுகள் வந்து சேரும், வெளியேற வழி கிடையாது. வரவு ஆற்று நீர், செலவு வெயில். பரப்பு பெரிது, ஆழமோ ரொம்பக் குறைவு, தாம்பாளம் மாதிரி. நீர்மட்டம் சில அடி இறங்கினாலே கரை வெகுதூரம் ஓடிவிடும்.

1958-ல் கதவை மூடினார்கள். பாழடைந்த அந்தக் கட்டடத்தைக் காரில் போகும்போது பார்த்த ஹெர்க் ஹார்வி என்பவர், அதையே களமாக்கி 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) என்ற பேய்ப் படம் எடுத்தார். பேய்ப் படத்துக்கு செட்டே போட வேண்டியிருக்கவில்லை! 1970-ல் யாரோ வைத்த தீயில் மிச்சமும் போனது.

விட்டார்களா? 1981-ல் பக்கத்திலேயே புதிய சால்ட்ஏர். இந்த முறை ஏரி எதிர்ப்பக்கம் விளையாடியது. சில வருஷங்களிலேயே தண்ணீர் பொங்கி உள்ளே புகுந்துவிட்டது. 1987-ல், ஏரி நீரைப் பாலைவனத்துக்கு இறைத்துக் கொட்ட ராட்சத பம்ப்புகள் வைத்தது அரசு. செலவு சுமார் 6 கோடி டாலர்.

பம்ப்புகளுக்கு ரொம்ப நாள் வேலை இருக்கவில்லை. ஏரிக்கு வரும் ஆற்று நீரை வயல்களும் ஊர்களும் வழியிலேயே எடுத்துக்கொள்ள, 2022-ல் ஏரி அதன் பதிவான வரலாற்றிலேயே இல்லாத அளவுக்கு வற்றியது. காய்ந்த படுகையிலிருந்து ஆர்செனிக் கலந்த புழுதி கிளம்பி, ஒரு காலத்தில் ரயில் புறப்பட்ட அதே ஊரின் பக்கம் வீசுகிறது.