புறணி வினை

புறணி வினை என்பது பாலூட்டிகளில் கருக்கட்டலின்போது சூல்முட்டையின் புறப்பகுதியில் ஏற்படும் கட்டமைப்பு மாற்றம் ஆகும். ஒரு விந்தணு இணைந்தபின் பிற விந்தணுக்கள் நுழையாமல் தடுப்பது இதன் பணியாகும்.

அமைப்பு

மனிதச் சூல்முட்டை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுடையது. இதனைக் கிளைக்கோபுரதங்களாலான தெளிபடலம் சூழ்ந்துள்ளது. முட்டையின் கலமென்சவ்வுக்குச் சற்று உள்ளே, நொதியங்கள் நிறைந்த ஆயிரக்கணக்கான புறணிமணிகள் காணப்படுகின்றன. இவை கொல்கி உறுப்பிலிருந்து தோன்றுபவை.

நிகழும் முறை

விந்தணு கொண்டுவரும் பாஸ்போலிப்பேஸ் சி-சீட்டா என்னும் நொதியம் 2002 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இதன் தூண்டுதலால் அகக்கலவுருச் சிறுவலையிலிருந்து கால்சியம் அயனிகள் வெளிப்படுகின்றன. கால்சியம் அளவு பல மணிநேரம் மீண்டும் மீண்டும் உயர்ந்து தாழ்கிறது. இதனால் புறணிமணிகள் மென்சவ்வுடன் இணைந்து தம் உள்ளடக்கத்தை வெளியேற்றுகின்றன. அவற்றிலுள்ள ஓவாஸ்டாசின் என்னும் நொதியம், தெளிபடலத்தின் இசட்.பி.2 புரதத்தை வெட்டுகிறது. அதன்பின் விந்தணுக்கள் படலத்தில் ஒட்டுவதில்லை.

சுண்டெலி முட்டைகளில், விந்தணுவை ஏற்கும் ஜூனோ புரதமும் ஏறத்தாழ 40 நிமிடங்களில் மென்சவ்விலிருந்து நீங்குவது 2014 இல் கண்டறியப்பட்டது. கால்சியம் உயர்வு, இடைநின்றிருந்த இரண்டாம் ஒடுக்கற்பிரிவையும் நிறைவுறச் செய்கிறது. அப்போது இரண்டாம் துருவவுடல் வெளித்தள்ளப்படுகிறது.

முக்கியத்துவம்

இத்தடை தவறி இரு விந்தணுக்கள் நுழைந்தால், மனிதக் கருவில் 46 நிறப்புரிகளுக்குப் பதிலாக 69 அமையலாம். அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை சிதைந்துவிடுகின்றன. ஆகவே வெளிச்சோதனைமுறைக் கருக்கட்டலில், மறுநாள் முட்டையிலுள்ள முன்கருக்கள் எண்ணப்படுகின்றன. இரண்டு இருப்பதே இயல்பாகும். மூன்று காணப்படும் முட்டைகள் பொதுவாகக் கருப்பைக்கு மாற்றப்படுவதில்லை.