மீனுக்கும் ஒரு தர்ம ஸ்தாபனம்

வண்டி மாட்டை அடித்து வதைத்தால் வழக்குப் போடுகிற பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். மீனுக்கும் அப்படி ஒரு சங்கம் வந்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். மீன் என்ன, மாடா? கத்துமா, கண்ணீர் விடுமா? ஆனால் வந்துவிட்டது. பக்கத்து ஆந்திராவில் குளக்கரைக்கே வந்துவிட்டது. அது வந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1822-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு மார்ட்டின் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் பாடுபட்டு, மாடு, குதிரை, செம்மறியாடு இவற்றைக் கொடுமைப்படுத்துவது குற்றம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். சட்டம் வந்தால் போதுமா? அடிப்பவனை யார் போய்ப் பிடிப்பது? அதற்காக 1824-ல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் காரியதரிசி. சங்கத்தின் கையிலோ காசில்லை. சங்கம் பட்ட கடனுக்காக 1826-ல் அந்தப் பாதிரியாரையே சிறையில் போட்டார்கள். தர்மம் பண்ணப் போனவர் பாடு அப்படி ஆயிற்று!

நம் நாட்டில், பரதநாட்டியத்துக்குப் பேர்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்யசபையில் இருந்துகொண்டு இதற்காக வாதாடினார். 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் ஏற்பட்டது. அந்தச் சட்டத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பிராணி என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கெண்டையும் இறாலும் அதில் சேர்ந்ததுதானே? எழுத்தில் சேர்ந்தது. ஆனால் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போக வெகு காலம் ஆள் வரவில்லை.

மீனுக்கு வலி தெரியுமா என்பதே வழக்காக இருந்தது. 2003-ல் லின் ஸ்னெடன் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் ஊசியால் ஏற்றினார்கள். அமிலம் ஏறிய மீன்கள் தொட்டியின் கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்தன. ஊசி போட்ட மீன்கள் வெகுநேரம் தீனி எடுக்கவில்லை. இது வலியல்ல என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ, சொறி பிடித்த மாடு மரத்தில் உராய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது என்றுதான் படுகிறது. 2022-ல் பிரிட்டனில் வந்த சட்டம் மீனோடு நிற்காமல், நண்டு, இறால், கணவாய் இவற்றையும் உணர்ச்சியுள்ள உயிர் என்று சேர்த்துக்கொண்டது.

இனி புதுச் சங்கங்களுக்கு வருவோம். லண்டனில் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அதற்கு வேலையே புதிய தர்ம ஸ்தாபனங்களை உண்டாக்குவதுதான். செலவழிக்கும் பணத்துக்கு எந்தக் காரியத்தில் அதிகப் பலன் என்று முதலில் கணக்குப் பார்க்கிறார்கள். பிறகுதான் அதற்கு ஆள் தேடிப் பயிற்சி கொடுக்கிறார்கள். கிணற்றுக்கு இடம் பார்த்துவிட்டு அப்புறம் வெட்ட ஆள் கூப்பிடுகிறோமே, அது மாதிரி. அப்படி 2019-ல் பிறந்தது 'பிஷ் வெல்பேர் இனிஷியேட்டிவ்'. அதாவது மீன் நல முயற்சி. கட்லாவும் ரோகுவும் ஏராளமாக வளர்கிற ஆந்திராவை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மீனைப் பார்ப்பதைவிடத் தண்ணீரைப் பார்த்தார்கள். மீனின் கஷ்டம் தண்ணீரில்தான் எழுதியிருக்கிறது. பகலில் பாசி பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் பாசி, மீன், அடியில் அழுகும் தீனி எல்லாமே அதைச் செலவழிக்கும். அதனால் விடியற்காலையில்தான் மிகவும் குறைந்திருக்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதே, அது விளையாட்டல்ல, மூச்சுத் திணறல். லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருந்தால் கெண்டைக்குச் சுகம். 3-க்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். அவர்களுடைய ஆட்கள் குளம் குளமாகப் போய் இதைச் சோதிக்கிறார்கள். குறைவாக இருந்தால் தீனியை நிறுத்து, புதுத் தண்ணீர் விடு, காற்றடிக்கும் இயந்திரத்தை ஓட்டு என்று சொல்கிறார்கள்.

இதுவரை மீனுக்கும் லாபம், வளர்ப்பவருக்கும் லாபம். ஒருநாள் காலையில் குளம் முழுக்க மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவருக்கு இதில் உபதேசம் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், ஏக்கருக்கு இவ்வளவு குஞ்சுக்கு மேல் விடாதே என்கிற இடத்தில்தான். நெருக்கம் குறைந்தால் நோய் குறையும், மெய்தான். ஆனால் மகசூலும் குறைந்துவிட்டால்? சந்தையில் சுகமாக வளர்ந்த கட்லாவுக்குத் தனி விலை கிடையாதே!

இந்த இடத்தில் இறாலுக்காகத் தொடங்கிய இன்னொரு சங்கம் செய்த காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்த இறாலை உயிரோடு ஐஸ் தண்ணீரில் கொட்டுவதுதான் வழக்கம். அது சாகச் சிறிது நேரமாகும். மின்சாரத்தால் சட்டென்று நினைவிழக்கச் செய்கிற இயந்திரம் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். இந்தச் சங்கமே அதைப் பெரிய கம்பெனிகளுக்கு வாங்கிக் கொடுக்கிறது. வருஷத்துக்குக் குறைந்தது 12 கோடி இறாலை அதில் விட வேண்டும் என்பது நிபந்தனை. கேட்டவரே செலவையும் ஏற்றுக்கொண்டார்.

பெரிய கம்பெனிக்குச் சரி, இரண்டு ஏக்கர் குளத்துக்காரருக்கு? நாளைக்கு நம் ஊர்க் குளக்கரைக்கும் இப்படி ஒரு சங்கத்தார் வந்தால் மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், குஞ்சைக் குறைத்து அதனால் வரும்படி குறைந்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.