முதல் பைக்கும் காணாமல் போன படிக்கட்டும்



பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து கல்லூரி சேர்க்கை நடக்கும் மாதங்களில் நம் லிஃப்டில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "பையனுக்கு முதல் முதலா பைக் வாங்கணும் சார், எது நல்லது?" இப்போது பெண் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். வங்கியில் வண்டிக் கடன் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறார்கள். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நம் நாட்டில் முதல் வண்டியை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தால், பதில் அதிலேயே கிடைக்கிறது.

கிடைத்ததுதான் வண்டி

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. நம் ராணுவம் எல்லைக் காவலுக்குக் கேட்ட வண்டி அது. 346 சிசி இன்ஜின், 160 கிலோவுக்கு மேல் எடை. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா தயாரிப்பைத் தொடங்கியது. பிற்பாடு அதுவே யெஸ்டி என்று பெயர் மாறியது. வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்த மோட்டார் சைக்கிள் பட்டியல் இவ்வளவுதான்.

இவை எதுவும் புதிதாகப் பழகுபவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டியில் கியர் இடது காலில். அதிலும் கிக்கரும் கியரும் ஒரே லீவர். ஸ்டார்ட் செய்த பிறகு அதையே மடக்கிக் கியராகப் பயன்படுத்த வேண்டும். ஒரு வண்டியில் பழகியவர் இன்னொன்றில் ஏறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, பதம் பார்த்து உதைக்க வேண்டும். பதம் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

ஸ்கூட்டர் பக்கம் போனால் 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்பதால், வெளிநாட்டில் உறவினர் இருந்தவர்களுக்கு அன்று தனி மரியாதை. எத்தனை உற்பத்தி செய்யலாம் என்பதற்கே அரசு லைசென்ஸ் இருந்த காலம். அப்போது "எனக்கு எது பொருத்தம்?" என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

தானாக அமைந்த படிக்கட்டு

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, கால் தரையில் நன்றாக ஊன்றும். பால்காரர், பள்ளி ஆசிரியர், தபால்காரர், கல்லூரிப் பெண்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம்.

அடுத்து, வெளிநாட்டுக் கூட்டுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. 1984-ல் ஓசூரிலிருந்தே இந்த்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. அடுத்து கவாசாகி பஜாஜ். எல்லாமே 100 சிசியை ஒட்டியவை. எடையும் சுமார் 100 கிலோ. உதைத்தால் உடனே கிளம்பும். கியர் இடது காலில், பிரேக் வலது காலில் என்ற முறை நிலைபெற்றது. சிடி 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பெட்ரோல் கொஞ்சமாகத்தான் குடிக்கும். நம் வீடுகளில் "மைலேஜ் எவ்வளவு?" என்ற கேள்வி வேரூன்றியது அப்போதுதான்.

எங்கள் கிளையில் அந்நாளில் வண்டிக் கடன் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், கல்யாணமானவர்கள். அலுவலகத்திலிருந்து சம்பளப் பிடித்தக் கடிதம் கொண்டுவருவார்கள். விசாரித்தால் ஏறக்குறைய எல்லோர் கதையும் ஒன்றுதான். பத்து வருடம் சைக்கிள், பிறகு கையில் இருந்த காசுக்கு ஒரு மொபெட், சம்பளம் உயர்ந்ததும் ஒரு 100 சிசி. புல்லட் வரை போனவர்கள் வெகு சிலர். அவர்களும் நாற்பது வயதில்தான் போனார்கள்.

இந்த வரிசையை யாரும் திட்டமிடவில்லை. பற்றாக்குறையும் குறைந்த சம்பளமும் சேர்ந்து அமைத்த படிக்கட்டு அது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தது. பெரிய வண்டியில் ஏறும் முன்பே, லாரி எப்போது ஒடிக்கும், மழையில் எந்த இடம் வழுக்கும், முன்னால் போகும் ஆட்டோ எங்கே நிற்கும் என்றெல்லாம் கற்றுக்கொள்ளப் பல வருடம் கொடுத்தது.

அந்த வரிசைக்குப் பொருந்தாமல் ஒரு வண்டி 1983-லேயே வந்தது: ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-தான் அது. இரட்டை சிலிண்டர், 30 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. அதாவது ஆர்எக்ஸ் 100-ஐப் போல இரண்டரை மடங்குக்கு மேல். நிறுத்துவதற்கு முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் கிடையாது, டிரம் மட்டும்தான். பெட்ரோலும் நிறையக் குடித்தது, விலையும் அதிகம். பத்து வருடம்கூட ஓடாமல் தயாரிப்பு நின்றது. இன்றும் அதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. கற்றுக்கொள்பவருக்கான வண்டி என்று அவர்களும் சொல்லமாட்டார்கள்.

படிக்கட்டு போன பிறகு

1991-க்குப் பிறகு காத்திருப்புப் பட்டியல்கள் மறைந்தன. 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 2001-ல் பல்சர் 150, 180 சிசியில் வந்து இளைஞர்களின் ஆசையை ஒரு மாடி உயர்த்தியது. சம்பளக் கடிதம் கேட்ட காலம் போய், ஷோரூமிலேயே அரை மணி நேரத்தில் தவணை ஏற்பாடு ஆகிறது. இன்று பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை, சைக்கிளிலிருந்து இறங்கி நேராக 195 கிலோ எடையுள்ள 350 சிசி வண்டியில் ஏறலாம்.

சட்டமும் தடுக்காது. ஆர்.டி.ஓ. ஆபீசில் 100 சிசி வண்டியில் எட்டு போட்டு வாங்கும் லைசென்ஸே 1000 சிசிக்கும் செல்லும். பிரிட்டனில் அப்படி இல்லை. 17 வயதில் 125 சிசி வரைதான். 19 வயதில் 35 கிலோவாட் வரை. நேரடியாக எந்த வண்டியும் ஓட்டும் தகுதிக்கு 24 வயது. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரே ஒரு படி உண்டு: 16 வயதில், பெற்றோர் சம்மதத்துடன், 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி. ஆனால் டிவிஎஸ் 50-ன் வாரிசே இன்று 100 சிசியை எட்டிவிட்டது. படி சட்டத்தில் இருக்கிறது, கடையில் இல்லை.

2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆகவே படிக்கட்டை நாம்தான் வீட்டில் கட்டவேண்டும்.

வீட்டில் கட்டும் படிக்கட்டு

முதல் வண்டி 100 முதல் 125 சிசிக்குள் இருந்தால் போதும். இரண்டு வருடம் ஓட்டட்டும். ஆசையும் வருமானமும் நிலைத்தால் பெரிய வண்டிக்கு மாறலாம். இந்த வகை வண்டிகளுக்குப் பழைய மார்க்கெட்டில் எப்போதும் கிராக்கி உண்டு. கணக்குப் பார்த்தாலும் நஷ்டம் பெரிதாக வராது.

ஷோரூமில் பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். இறங்கி நின்று வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பேஸ்மென்ட் சரிவில் மழை நாளில் தனியாகத் தள்ள முடியாத வண்டி, முதல் வண்டியாக வேண்டாம்.

2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று அந்த விதி சொன்னது. பழைய வண்டி வாங்குவதானால் இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். டயர் தேய்மானத்தையும் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பட்ஜெட் போடும்போது எக்ஸ்-ஷோரூம் விலையோடு நிற்காதீர்கள். புது வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டவேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. பணம் இடிக்கிறது என்றால் சிசியைக் குறையுங்கள், ஹெல்மெட்டைக் குறைக்காதீர்கள்.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர லைசென்ஸுக்குப் போக முடியும். அந்த நாட்களை முழுசாகப் பயன்படுத்துங்கள். காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து இல்லாத தெருவில், முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்த்துப் பிடித்து நிறுத்தப் பழக்குங்கள். லைசென்ஸ் வருமுன் "பக்கத்துக் கடை வரைதானே" என்று சாவி கொடுக்கவேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று வருடம் வரை சிறைத் தண்டனையும் உண்டு.

நம் தலைமுறைக்குப் பெரிய வண்டி தாமதமாகக் கிடைத்ததற்கு நம் பொறுமை காரணமில்லை, பணம் இல்லை என்பதுதான் காரணம். நம் பிள்ளைகளிடம் பணம் இருக்கிறது. அந்த இரண்டு வருட இடைவெளியை மட்டும் நாம் கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும்.